கை இறங்காத ஏழாம் வார்டு

உப்போடை நகராட்சியில் ஏழாம் வார்டு என்று ஒன்று உண்டு. அந்த வார்டின் சமுதாயக்கூடத்தில், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பதினொன்றே கால் மணிக்கு நூற்று எண்பத்தேழு பேர் வலது கையைத் தூக்கினார்கள். தூக்கிய கை தூக்கியபடியே நின்றுவிட்டது. அதைக் கிட்ட இருந்து பார்த்தவள் இந்திராணி. நகராட்சியில் இளநிலை உதவியாளர், வார்டுக் கூட்டங்களில் தீர்மானப் புத்தகம் எழுதுகிறவள், அதே வார்டில் மூன்றாம் தெருவில் குடியிருப்பவள். அந்த நேரத்தில் அவள் வலது கையில் பேனா இருந்தது, அதனால் அவள் கை தூக்கவில்லை.

நகராட்சிக்கு அந்த வருஷம் கை கடித்தது. கடித்ததைச் சரிக்கட்ட மேலே இருக்கிறவர்கள் ஒரே தீர்மானமாக எல்லாவற்றையும் முடிந்து அனுப்பியிருந்தார்கள்: வீட்டு வரி எல்லோருக்கும் கால் பங்கு கூடும், தெருவிளக்கில் ஒன்று விட்டு ஒன்று அணையும், இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீர் இனி நாலு நாளைக்கு ஒருமுறை வரும், ரயில்வே கேட் பக்கத்தில் இருக்கும் மகப்பேறு மனை மூடப்படும், பிள்ளை பெறப் போகிறவர்கள் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ள வேண்டும். கவுன்சிலர் மாணிக்கவாசகம் இதையெல்லாம் கொசு மருந்து அடிக்கும் தேதியை வாசிப்பது போல ஒரே மூச்சில் வாசித்தார்.

அந்த வார்டில் வெகுகாலமாக ஒரு வழக்கம் இருந்தது. கூட்டம் முடியப்போகும் நேரத்தில், வாசலில் டீக்கடை வைத்திருக்கும் சுடலைமுத்து உள்ளே தலையை நீட்டி, டீ வேணுங்கிறவங்க கை தூக்குங்க என்பான், எல்லோரும் தூக்குவார்கள், அவன் கிளாசுக்காக எண்ணுவான், நகராட்சி உதவியாளர் தீர்மானத்துக்காக எண்ணுவார். ஒரே வேலைக்கு இரண்டு தரம் கை தூக்கச் சொன்னால் ஜனங்கள் அலுத்துக்கொள்வார்கள் என்பது இந்திராணிக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் விட்டுப்போன நியாயம். சாக்கடை தூர்வாருவது, நாய் பிடிப்பது, சுடுகாட்டுப் பாதைக்குச் சரள் அடிப்பது என்று இதுவரை வந்த தீர்மானங்களுக்கு யாருமே மறுப்புச் சொல்லியிருக்கப் போவதில்லை என்பதால் அதில் ஒரு குற்றமும் இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. அன்றைக்கு மட்டும், மகப்பேறு மனை என்ற வார்த்தையில் அவள் பேனா ஒரு கணம் நின்றது. மாணிக்கவாசகம் குனிந்து, "எழுதிக்கோம்மா, எனக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போணும்" என்றார். அவளும் எழுதினாள்: ஆதரவு நூற்று எண்பத்தேழு, எதிர்ப்பு இல்லை, ஏகமனதாக நிறைவேறியது.

எழுதிவிட்டு நிமிர்ந்தபோது டீ வந்துவிட்டிருந்தது, எல்லோரும் அதை இடது கையில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் நரம்பு பிடித்துக்கொண்டது என்றுதான் நினைத்தார்கள். சமுதாயக்கூடத்து நிலைப்படியில் குனிந்து வெளியே வந்தார்கள், வீட்டு நிலைப்படியில் குனிந்து உள்ளே போனார்கள், நல்லெண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள், வெந்நீர் ஊற்றிப் பார்த்தார்கள், இரண்டு பேர் தொங்கியும் பார்த்தார்கள். வலி இல்லை, மரத்துப்போகவில்லை, விரல்களை மடக்க முடிந்தது, நீட்ட முடிந்தது, தோளுக்குக் கீழே கொண்டுவரத்தான் முடியவில்லை. அரசு டாக்டர் வந்து நூற்று எண்பத்தேழு பேரையும் வரிசையில் நிறுத்திப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்துப் போனார். மாணிக்கவாசகம் சடங்கு வீட்டுக்குப் போகத் தவறவில்லை. அங்கே எடுத்த எல்லாப் படத்திலும் அவர் ஊரையே ஆசீர்வதிப்பது போல நிற்கிறார், அந்த வீட்டுக்காரர்களுக்கு அதில் பெரிய சந்தோஷம்.

எதனால் என்று கேட்டு ஓய்வதற்கு ஒரு வாரம் ஆயிற்று, அதற்குப் பிறகு எப்படி என்பதுதான் பேச்சு. தையற்காரர் உதுமான் தன் கையும் மேலே நிற்க, இடது கையால் வெட்டி, இடது காலால் மிதித்து, வலது விலாவில் திறந்து நாடாவால் முடிகிற சட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். பெண்களுக்கு அதே மாதிரியில் ரவிக்கை வந்தது. கட்டில்கள் சுவரை விட்டு ஒரு முழம் நகர்ந்தன. கோயிலில் பூசாரி இடது கையில் திருநீறு கொடுக்கத் தயங்கி, பிறகு தானே ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, உயர்ந்து நிற்கிற வலது உள்ளங்கைகளில் வைத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார். மீன் ஏலத்தில் ஏழாம் வார்டுக்காரர்களைக் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நிற்கச் சொன்னார்கள், ஏனென்றால் முதல் நாள் சும்மா வேடிக்கை பார்க்கப் போன தபால்காரர் செல்லப்பா நாலு கூடை சாளை மீனோடு வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். நெடுஞ்சாலையில் போகிற பஸ்கள் முதல் இரண்டு நாள் ஏழாம் வார்டு ஓரமாக நடந்துபோகிற ஒவ்வொருவருக்கும் நின்று நின்று போயின. மூன்றாம் நாள் டிரைவர்களுக்குப் புரிந்துவிட்டது, அதன் பிறகு அந்த வார்டில் எந்தக் கைக்கும் எந்த பஸ்ஸும் நிற்கவில்லை. ஏழாம் வார்டுக்காரன் எதுக்கும் சரின்னுருவான் என்று மற்ற வார்டுகளில் சிரித்தார்கள். பொண்ணு கேட்டுப் போனாலும் கடன் கேட்டுப் போனாலும் அங்க போங்கடே, கேக்குறதுக்கு முன்னாலயே கை தூக்கி நிப்பாங்க என்றார்கள்.

புருஷனும் பெண்டாட்டியுமாகக் கூட்டத்துக்கு வந்திருந்த வீடுகளில்தான் சங்கடம் அதிகம். அந்த வீடுகளுக்கெல்லாம் இந்திராணி போனாள். ஆபீசுக்குப் போகுமுன் ஐந்தாறு வீடு, வந்தபின் ஐந்தாறு வீடு. ஒரு வீட்டில் தேங்காய் துருவினாள், ஒரு வீட்டில் கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தாள், ஒரு வீட்டில் ஊசியில் நூல் கோத்தாள், பாங்கியில் இடதுகைக் கையெழுத்தை ஒத்துக்கொள்ள மாட்டோம் என்றபோது இவர் இன்னார்தான் என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரர் நகராட்சியில் குழாய் வேலை பார்த்து, பள்ளம் சரிந்து இறந்துபோனவர். அவருக்காகக் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை இது. பன்னிரண்டு வருஷமாக இந்தத் தெருக்களில் அவள் நடந்ததெல்லாம் அந்த வேலையின் பெயரால்தான். இப்போது முதன்முறையாக, யாரும் சொல்லாமல் நடந்தாள். இந்திராணிக்கு எவ்வளவு நல்ல மனசு என்று வார்டே சொல்லிற்று. அப்படிச் சொல்கிற ஒவ்வொரு வாயையும் அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

ஜமீலா வீட்டுக்கு அவள் ஒருநாளும் தவறியதில்லை. ஜமீலாவுக்கு நிறைமாதம், புருஷன் சவூதியில், மாமியாரும் மருமகளும் கூட்டத்துக்கு வந்திருந்தபடியால் வீட்டில் இரண்டு கை மேலே, இரண்டு கைதான் கீழே. தினமும் காலையில் இந்திராணி அவளுக்குத் தலை பின்னிவிடுவாள். பின்னும்போது ஜமீலா, சகாயமேரி சிஸ்டர் நேற்று வயிற்றைத் தொட்டு என்ன சொன்னாள், பிள்ளை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றெல்லாம் சொல்வாள். சகாயமேரி மகப்பேறு மனையில் பத்தொன்பது வருஷமாக இருக்கிற நர்ஸ். அந்த வார்டில் ஓடியாடுகிற பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவை. ஒருநாள் ஜமீலா கேட்டாள்: "அக்கா, மூடப்போறாங்களாமே, நிசமா? எனக்கு அந்தக் கூட்டத்துல ஒண்ணுமே வெளங்கல. டீ வந்துச்சு, குடிச்சேன்."

இந்திராணி சடையின் நுனியில் ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றினாள், பிறகு நாலாவதாகவும் ஒன்று சுற்றினாள்.

இதற்கிடையில் வார்டில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு வந்தவர்களில் ஆறு பேருக்கு மட்டும் கை கீழேயே இருந்தது. அந்த ஆறு பேரும் வயிற்றுப்புண்ணாலோ சர்க்கரையாலோ டீயை விட்டவர்கள். ஆக, டீயில்தான் ஏதோ இருந்திருக்கிறது என்று முடிவாயிற்று. டீ குடிப்பதற்கு முன்னாலேயே கை நின்றுபோனதை யோசிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. சுடலைமுத்துவின் கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள், பிறகு நின்றார்கள். ஒரு நாள் யாரோ பால் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். இருபத்தெட்டாம் நாள் சாயங்காலம் அவன் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, ஒரு முழு வெள்ளைத்தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இந்திராணி வீட்டுக்கு வந்தான்.

"மேடம், எனக்கு எழுத வராது. நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க. எந்த சாமி மேல வேணும்னாலும் சத்தியம் பண்ணுதேன், என் டீயில ஒண்ணும் இல்ல. பாலு, தண்ணி, தூளு, சீனி. இஞ்சி கேட்டா இஞ்சி. அம்புட்டுதான்."

அவன் சொன்னான், அவள் எழுதினாள். பாலு, தண்ணி, தூளு, சீனி என்று அவன் சொன்ன வரிசையிலேயே எழுதினாள். கீழே அவன் கட்டைவிரலைத் தன் கையால் பிடித்து மையில் ஒற்றி உருட்டினாள். இப்படிக்கு உண்மையுள்ள என்று எழுதி அவன் பெயரைப் போட்டாள். அவன் போனபிறகும் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொன்னால் வேலை போகும். பொய்த் தீர்மானம் எழுதினவளைக் கருணை அடிப்படையிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாவிட்டால் மூன்று நாளில் நகராட்சி பட்ஜெட்டை முடித்துவிடும், ரயில்வே கேட் பக்கத்தில் பூட்டுத் தொங்கும், சுடலைமுத்து ஊரைவிட்டுப் போவான், எல்லாவற்றுக்கும் கீழே ஏகமனதாக என்று அவள் கையெழுத்து இருக்கும்.

பட்ஜெட்டை முடிப்பதற்கு முன் வார்டின் கருத்தை இன்னொரு தரம் கேட்க வேண்டும் என்பது விதி. அதற்காக முப்பத்தொன்றாம் நாள் காலையில் கமிஷனரே வந்தார். மூன்று மாதம் முன்பு வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த இளம்பெண், ஏழாம் வார்டைப் பற்றிக் காகிதத்தில் படித்திருந்தாரே தவிரக் கண்ணால் பார்த்ததில்லை. சமுதாயக்கூடத்துக்குள் நுழைந்ததும் வாழைத்தோப்புக்குள் வந்தது போல ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். தீர்மானம் திரும்ப வாசிக்கப்பட்டது. ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் கமிஷனர். நூற்று எண்பத்தேழு கை மேலே இருந்தது. எதிர்க்கிறவர்கள் தூக்கலாம் என்றார். அதே நூற்று எண்பத்தேழு கை மேலே இருந்தது. விதிப்புத்தகத்தை வாங்கிப் புரட்டினார், அதில் இதற்கு ஒரு வழியும் சொல்லியிருக்கவில்லை.

கல்யாண மண்டபம் வைத்திருக்கும் தங்கப்பழம் எழுந்தார். "இதுல என்ன கொழப்பம்? போன தடவையே ஏகமனதுன்னு எழுதியாச்சு. இப்பவும் எல்லாக் கையும் மேலதான் இருக்கு. அதையே எழுதிட்டுப் போவலாம்."

அப்போது மேடையோரத்தில் தீர்மானப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த இந்திராணி பேனாவை மூடி வைத்தாள். கூட்டத்தில் பேச வேண்டுமானால் கை தூக்கி அனுமதி கேட்க வேண்டும் என்பதும் விதி. அவள் வலது கை மேசையை விட்டு எழும்புவதைப் பார்த்ததும் கூடம் முழுக்க ஒரு பதற்றம் ஓடியது. தூக்காதீங்கம்மா என்றார் உதுமான். ஏட்டி, ஒன் கையாவது எங்களுக்கு இருக்கட்டும் என்றாள் ஜமீலாவின் மாமியார். பின்வரிசையில் ஒருத்தி அழுதே விட்டாள். இந்திராணி கையை முழுசாகத் தூக்கினாள்.

"இந்தக் கையெல்லாம் தீர்மானத்துக்குத் தூக்கினது இல்ல" என்றாள். "டீக்குத் தூக்கினது. நான்தான் அதை எண்ணி ஏகமனதுன்னு எழுதினேன். மகப்பேறு மனையை மூடலாமான்னு ஒங்க யாருகிட்டயும் யாரும் கேக்கல. சுடலைமுத்து டீயில ஒண்ணும் இல்ல. இருந்ததெல்லாம் என் பேனாவுலதான்."

சொல்லி முடித்துக் கையை இறக்கினாள். அது எல்லாக் கையும் இறங்குவது போலச் சாதாரணமாக இறங்கி மடியில் வந்து விழுந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவுன்சிலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பேசினவள் ஜமீலா. எழுந்து நிற்க இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. "அப்ப இப்ப கேளுங்க" என்றாள். "எனக்கு வலி கண்டா பதினெட்டு கிலோமீட்டர் நான் எதுல போவேன்? எங்க கைக்கு இப்ப ஒரு பஸ்ஸும் நிக்க மாட்டேங்குதே."

யாரோ சிரித்தார்கள், சிரித்ததும் கூடத்தின் பூட்டு கழன்றது. ஒரே நேரத்தில் நாற்பது பேர் பேசினார்கள். கமிஷனர் மேசையைத் தட்டி, ஒவ்வொருவராகப் பேசுங்கள், எழுதிக்கொள்வார்கள் என்றார், இந்திராணியிடமிருந்து புத்தகத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் அவள் எழுதினாள். மனையை மூடக் கூடாது என்றால் வரியைக் கூட்டித்தானே ஆகவேண்டும் என்றார் ஒருவர். கூட்டுவது சரி, ஓலைக்கொட்டகைக்கும் மூணு மாடிக்கும் ஒரே கால் பங்கா என்றார் இன்னொருவர். தெருவிளக்கு அணைவது பற்றி யாருக்கும் பெரிய வருத்தமில்லை என்று ஒருவர் சொல்ல, பீடிக் கம்பெனியிலிருந்து இருட்டிய பிறகு வீடு திரும்புகிற பெண்கள் நாலு பேர் எழுந்து அவருக்கு அது ஏன் வருத்தமில்லை என்பதை விளக்கமாகச் சொன்னார்கள். பிறகு செல்லப்பா, தபால்காரர் என்பதால் எல்லா வீட்டுக் கதவிலக்கமும் அறிந்தவர், தங்கப்பழத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"அண்ணாச்சி, ஒங்க மண்டபம் நகராட்சிப் புத்தகத்துல இன்னும் ஓட்டு வீடாத்தான இருக்கு? ஏசி போட்ட ஓட்டு வீட்ட நான் இந்த ஊர்லதான் பாத்தேன்."

"நீரு மட்டும் என்னவே, ஒம்ம மாடியில மூணு குடித்தனம் வச்சிருக்கீரே, அது என்ன, புறாக்கூண்டா?" என்று தங்கப்பழம் அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

இந்திராணி அதைப் பார்த்தாள். நீண்டது வலது கை விரல். ஒரு மாதமாகக் கூரையைப் பார்த்து நின்ற கை சண்டைக்கு இறங்கி வந்து செல்லப்பாவின் மூக்குக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது, தங்கப்பழத்துக்கு அது தெரியவில்லை. செல்லப்பா அதற்குப் பதிலாகத் தொடையைத் தட்டினார், தட்டினதும் வலது கைதான். அந்த ஊரில் கையை வீசாமல் ஒரு நியாயம் பேச யாருக்கும் வராது. ஒருவர் உள்ளங்கையை விரித்துக் காட்டிக் கேட்டார், ஒருத்தி இடுப்பில் கை ஊன்றினாள், ஒருவர் விரல்விட்டு எண்ணி எண்ணித் தன் கஷ்டத்தைச் சொன்னார், இன்னொருத்தி பக்கத்தில் அழுகிறவளின் முதுகைத் தடவினாள், இப்படி முன்வரிசையில் ஒன்று நடுவில் ஒன்று என்று, காற்று புகுந்த வயலில் கதிர் சாய்வது போலக் கைகள் சாய்ந்துகொண்டே வந்தன. இந்திராணி எதுவும் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு நின்றுவிடும் என்று பயந்து, குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள்.

ஒன்றரை மணி வாக்கில் ஒரு மாதிரி முடிவுக்கு வந்தார்கள். வீடுகளை எல்லாம் திரும்ப அளப்பது. சின்ன வீட்டுக்கு அரைக்கால் பங்கும் மாடிக்கும் மண்டபத்துக்கும் அதற்கேற்ற மாதிரியும் கூட்டுவது. தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை. விளக்கு பத்து மணிக்கு மேல் ஒன்று விட்டு ஒன்று. மகப்பேறு மனை இருந்த இடத்தில் இருப்பது. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. தங்கப்பழம் தன் மண்டபத்தை அளக்க வருகிறவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார், ஆனால் உட்கார்ந்துதான் சொன்னார்.

சரி, இதை ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் கமிஷனர்.

அப்போதுதான் எல்லோரும் தங்கள் கையைத் தேடினார்கள். அது மடியில் இருந்தது. திருப்பிப் பார்த்தார்கள், பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்த்தார்கள். ஒருவரும் தூக்கவில்லை. தூக்குகிற எண்ணம்கூட யாருக்கும் வரவில்லை; பலர் இரண்டு கையையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டார்கள். கடைசியில் உதுமான்தான் எழுந்து, தன் பெயரைச் சொல்லி, கதவிலக்கத்தைச் சொல்லி, எனக்குச் சம்மதம், ஆனால் தண்ணீர் விஷயத்தில் மனக்குறை உண்டு, அதையும் எழுதுங்கள் என்றார். அவருக்குப் பின்னால் அடுத்தவர் எழுந்தார். நூற்று எண்பத்தேழு பேரும், டீ குடிக்காத ஆறு பேரும், சம்மதத்தையும் மனக்குறையையும் வாயால் சொல்லி முடிக்கச் சூரியன் மேற்கே சாய்ந்துவிட்டது. தீர்மானப் புத்தகத்தில் முப்பத்தொன்பது பக்கம் ஆயிற்று. இருட்டுவதற்குள் சுடலைமுத்துவின் பால் தீர்ந்துபோயிற்று.

மறுநாள் இந்திராணிக்கு மெமோ வந்தது. பொய்யான தீர்மானம் பதிவு செய்ததற்காக உங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார் கமிஷனர். எடுக்கலாம் என்று அவள் ஒரே வரியில் பதில் எழுதினாள். அந்த வாரம் முழுக்க ஏழாம் வார்டிலிருந்து கமிஷனருக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன, ஒரு மாதமாக எழுதாத கையால் எழுதிய கோணல்மாணலான கடிதங்கள். சில அவளைத் தண்டிக்கக் கூடாது என்றன, சில தண்டிக்கத்தான் வேண்டும், ஆனால் வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்றன, தங்கப்பழம் எழுதியது மண்டபத்தின் அளவைப் பற்றி மட்டும் இருந்தது. கமிஷனர் எல்லாவற்றையும் படித்தார். இந்திராணிக்கு இரண்டு வருஷம் ஊதிய உயர்வு கிடையாது, இனி அவள் தீர்மானப் புத்தகத்தைத் தொடக் கூடாது, பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்த உத்தரவை அவள் நின்றபடி படித்தாள், பிறகு உட்கார்ந்து திரும்பப் படித்தாள்.

புதுப் பிரிவில் அவள் எழுதிய முதல் பிறப்பு ஜமீலாவின் மகளுடையது. மகப்பேறு மனையில் சகாயமேரி துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்தியபோது, அது துணியை உதறி வலது கையை வெளியே எடுத்து, முஷ்டியை மடக்கி, நேரே மேலே தூக்கியது. அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்; சகாயமேரிகூட. இந்திராணி பேனாவைத் திறந்தபடி பிள்ளையின் பக்கம் குனிந்து, "என்ன தாயி, சொல்லு. அவசரம் ஒண்ணுமில்ல" என்றாள். பிள்ளை யோசித்தது, கொட்டாவி விட்டது, கையை இறக்கித் தாயின் மேல் வைத்துக்கொண்டு தூங்கிப்போயிற்று.

தேதியும் நேரமும் எடையும் எழுதினாள். பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் ஒரு பெயர் சொன்னாள், ஜமீலா இன்னொன்று சொன்னாள், சவூதியிலிருந்து போனில் புருஷன் மூன்றாவதாக ஒன்று சொன்னான், சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. இந்திராணி அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, பேசி முடித்துவிட்டுச் சொல்லுங்கள், ஒரு வருஷம் வரைக்கும் நேரம் இருக்கிறது என்று சொல்லிப் பேனாவை மூடினாள்.